மெய்க்கீர்த்தியும் திரைக்கீர்த்தியும்

மன்னனின் மெய்க்கீர்த்தியில் அவன் வென்ற நாடுகள் வரிசையாக வரும். தோற்ற போர்களை நாம் அங்கே தேடுவதில்லை. இசைக்கலைஞர்களின் வாழ்வைச் சொல்லும் திரைப்படங்களையும் இவ்வாறே வாசிக்கப் பழக வேண்டும். 2018இல் வெளிவந்த 'பொஹீமியன் ராப்சடி' இதற்கு நல்ல சான்று.

சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பயின்ற ஃபரோக் புல்சாராவே பின்னாளில் 'குயின்' இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி ஆனார். 1991இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் மறைந்தார். அவரது கதையைச் சொல்லும் இப்படத்தின் தலைமை இசைத் தயாரிப்பாளர்கள், அவருடைய குழுத்தோழர்களான பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஆவர்.

மெர்க்குரி தனியே இசைத்தொகுப்பு வெளியிட முற்பட்டதால் குழு பிரிந்தது என்கிறது படம். 1985 ஜூலை 13 'லைவ் எய்ட்' நிகழ்ச்சிக்குமுன் அவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறார். தம் நோயையும் தோழர்களிடம் கூறுகிறார். வரலாறு வேறு. டெய்லர் 1981லும் 1984லும் தாமே தனித்தொகுப்புகள் வெளியிட்டவர். குழு பிரியவும் இல்லை. 1985 மே மாதத்தில்கூட ஜப்பானில் மேடையேறியது. நோய் உறுதியானது 1987இல் என்று அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியுள்ளார்.

குழுவின்மீது உண்மையில் எழுந்த பெருஞ்சர்ச்சை ஒன்றுண்டு. 1984 அக்டோபரில், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு பெயரளவில் 'தனிநாடு' ஆக்கியிருந்த போபுதட்ஸ்வானாவின் சன் சிட்டியில் 'குயின்' கச்சேரிகள் நடத்தியது. ஐ.நா. வலியுறுத்திய பண்பாட்டுப் புறக்கணிப்பை மீறிய செயல் அது. பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. படத்தில் இது குறித்து ஒரு சொல்லும் இல்லை.

நால்வருக்கும் பொதுவான பழி மறைந்துவிட்டது. பலரும் செய்த செயல், மறுமொழி கூற இயலாத ஒருவரின் குற்றமாகிவிட்டது. அதனினும் வருந்தத்தக்கது நோயின் காலமாற்றம். எய்ட்ஸ் நோயாளரைப் பாவிகளாகக் கண்ட காலம் அது. தோழர்களைப் பிரிந்து சென்றவருக்கு நோய் வந்தது என்று காட்சிகளை அடுக்கும்போது, அப்பழைய எண்ணத்திற்கே படம் துணைபோகிறது.

பாடல்களின் உரிமையாளர் இசைவின்றி இத்தகைய படம் எடுப்பது அரிது என்பதை நாம் அறிவோம். மெர்க்குரியாக நடித்த ராமி மாலெக் 2019இல் ஆஸ்கர் பெற்றது தகுதியானதே. ஆயினும், நம் மாணவர் பலர் மெர்க்குரியை இப்படத்தின் வழியாகவே அறிந்திருக்கின்றனர். மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது மாற்றரசர் கல்வெட்டையும் உடன்வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். திரைப்படத்திற்கும் அந்த முறை பொருந்தும்.