தபாலில் போய் வந்த கையெழுத்து

1952-இல் அச்சான ஒரு பேஸ்பால் கார்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் இருபத்தைந்து வயது இளைஞன், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் சட்டைக்குக் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து. எழுத்துகள் கொஞ்சம் நடுங்கியிருக்கின்றன. காரணம், அதைப் போட்டபோது அந்த இளைஞனுக்கு வயது எண்பத்தெட்டு. யாரோ ஒரு ரசிகர் அந்தக் கார்டைக் கவரில் போட்டு அனுப்ப, அவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரே துண்டு அட்டையில் அறுபது வருட இடைவெளியில் இரண்டு காலங்கள்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தை 'த்ரூ த மெயில்' என்பார்கள். முறை ரொம்ப எளிது. ஒரு கார்டு, மரியாதையாக ஒரு கடிதம், கூடவே போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை. பத்திரிகைக்குக் கதை, கவிதை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசிச் சொற்றொடர் நன்றாகவே பழக்கமாகியிருக்கும். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். பத்து நாளிலும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம்.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. ஒரு கையெழுத்து உண்மையா பொய்யா என்று நிரூபிக்கப் போனாலே அந்த நாட்டின் சிகரெட், சூயிங்கம், தபால், பேனா, பென்ஷன் எல்லாவற்றின் வரலாற்றுக்குள்ளும் போயாக வேண்டியிருக்கிறது.

முதலில் கார்டு. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் போன்ற தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் வீரர்களின் வண்ணப் படங்களை வைத்து விற்றது. ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மொத்தம் 524 வகை. இதைத்தான் இன்று டி-206 என்கிறார்கள். ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற கார்டு இந்தத் தொகுப்பில் உள்ளதுதான். புகையிலையோடு தன் படம் போவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு கதை, பணம் கேட்டுத் தராததால் மறுத்தார் என்று இன்னொரு கதை. எப்படியோ, அச்சு சீக்கிரமே நின்றுபோனது. அதனால்தான் அதற்கு இன்று கோடிக்கணக்கில் விலை.

சிகரெட் போய் சூயிங்கம் வந்தது. 1951 இறுதியில் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர், புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான கார்டுகளை வடிவமைத்தார். அந்த 1952 தொகுப்பில் 407 கார்டுகள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே தொகுப்பின் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நம் விஷயத்துக்கு முக்கியமான ஒன்று: 1952 கார்டுகளின் முன்பக்கத்திலேயே வீரரின் கையெழுத்து அச்சிடப்பட்டிருக்கும். ஆக, அசல் கையெழுத்து வாங்கியவரின் கையில் இரண்டு கையெழுத்துகள்: கம்பெனி அச்சிட்டது ஒன்று, ஆள் போட்டது ஒன்று. இளமைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே முதுமைக் கையெழுத்து.

இப்போது தபால். 1932 முதல் 1958 வரை அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட். போக 3, வர 3, ஆக 6 சென்ட்டில் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். சரி, முகவரி? அணியில் ஆடிக்கொண்டிருப்பவருக்கு மைதானத்தின் பெயரை எழுதினாலே போதும். ஓய்வு பெற்றவர் சிறு ஊர்க்காரர் என்றால் பெயரும் ஊரும் போதும், தபால்காரருக்கு ஆள் தெரிந்திருக்கும். பிற்பாடு ஜாக் ஸ்மாலிங் என்பவர் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்களின் முகவரிகளைத் திரட்டிப் புத்தகமாகவே போட்டார். அதில் முகவரியோடு, யார் யார் இறந்துவிட்டார்கள் என்ற விவரமும் இருக்கும். ஒவ்வொரு பதிப்பிலும் முதல் பட்டியல் சுருங்கும், இரண்டாவது நீளும்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் புரோகிராமர் எட்டிப் பார்த்தான். கையெழுத்திட்ட கார்டு என்பது இரண்டு தேதிகளுக்கு நடுவே மட்டுமே பிறக்க முடியும்: கார்டு அச்சான தேதி, வீரர் இறந்த தேதி. இந்த இரண்டையும் ஒரு எக்செல் ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு கார்டுக்கும் எவ்வளவு காலம் ஜன்னல் திறந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

டி-206 தொகுப்பில் இடம்பெற்ற ஆடி ஜாஸ் 1911 ஏப்ரலில், 31 வயதில், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய கார்டுகளுக்கு ஜன்னல் இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை. அதுவும், பாக்கெட்டிலிருந்து எடுத்த படத்தை வீரருக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கலாம் என்று பெரும்பாலோருக்குத் தோன்றியே இருக்காத காலம். அதே தொகுப்பில் உள்ள டை காப் 1961 வரை இருந்தார். ரசிகர் கடிதங்களுக்குப் பச்சை மையில் பதில் போட்டவர் என்று அவருக்குப் பெயர். ரூப் மார்க்வர்ட் 1980 வரை இருந்தார். அதாவது 1909 வாக்கில் சிகரெட் பாக்கெட்டில் வந்த கார்டை, மனிதன் நிலவுக்குப் போய் வந்த பிறகும் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருக்க முடியும்.

மறுபக்கமும் உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஹாரி அகானிஸுக்கு 1955-இல் டாப்ஸ் கார்டு வந்தது. அந்த வருடம் ஜூன் 27-ஆம் தேதி, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து 26 வயதில் இறந்தார். ஜன்னல் சில மாதங்கள்தான். சிகாகோ கப்ஸ் அணியின் கென் ஹப்ஸ் 1964 பிப்ரவரியில் தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 22. டாப்ஸ் அந்த வருடம் அவருக்கு ஒரு நினைவு அஞ்சலிக் கார்டு வெளியிட்டது. 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா பூகம்ப நிவாரணப் பொருட்களோடு போன விமானம் கடலில் விழுந்து ராபர்ட்டோ கிளெமென்ட்டே மறைந்தார். அவருடைய 1973 கார்டு அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. இந்த இரண்டு கார்டுகளிலும் கையெழுத்து இருக்கவே முடியாது. இருந்தால் அது போலி. மைக்ராஸ்கோப் வேண்டாம், நிபுணர் வேண்டாம், கழித்தல் கணக்கு போதும்.

எதிர்முனையில் வில்லி மேஸ். 1952 தொகுப்பில் இருந்தார், 2024 ஜூனில் 93 வயதில் மறைந்தார். 72 வருட ஜன்னல்.

கழித்தல் கணக்கு பேனாவுக்கும் பொருந்தும். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். லூ கெரிக் இறந்தது 1941-இல். எனவே பால்பாயிண்டில் கெரிக் கையெழுத்து என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ரசிகர்கள் இன்று விரும்பும் ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-இல். டை காப் அதைப் பிடித்திருக்க வழியே இல்லை. கவரில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அது 1963 ஜூலைக்குப் பிந்தியது.

ஆனால் தேதி சரியாக இருந்துவிட்டால் கையெழுத்தும் சரி என்று ஆகிவிடாதே! தபாலில் கேட்பதன் பெரிய பலவீனம் இது: போட்டது யார் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. 'ஷூலெஸ்' ஜோ ஜாக்ஸனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தன் பெயரையே சிரமப்பட்டு வரைவார். அதனால் அவர் பெயரில் போன பெரும்பாலான கையெழுத்துகள் மனைவி கேட்டி போட்டவை. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசிகரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற எண்ணம்தான். அப்புறம் நட்சத்திரங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்த காலத்தில் உடைமாற்றும் அறையின் உதவியாளர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்தை நகலெடுக்கும் ஆட்டோபென் இயந்திரம் என்று பல 'கைகள்' உள்ளே வந்தன.

அதற்கும் மேலே அப்பட்டமான வியாபாரப் போலிகள். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. சந்தையில் இருந்த விளையாட்டுக் கையெழுத்துகளில் பாதிக்கும் மேல் போலி என்பது அவர்கள் மதிப்பீடு. கையெழுத்துக்குச் சான்றிதழ் தரும் நிறுவனங்கள் வளர்ந்தது இந்தப் பயத்தில்தான்.

இவ்வளவையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். சந்தை கையெழுத்துக்கு விலை வைக்கிறது, ஆனால் வரலாறு இருப்பது கவரில். தேதி முத்திரை குத்திய உறை, வீரர் கைப்பட எழுதிய விலாசம், கூடவே வந்த நாலு வரிக் கடிதம், ரசிகர் வைத்திருந்த 'இந்தத் தேதியில் அனுப்பினேன், இந்தத் தேதியில் வந்தது' என்ற நோட்டு. இவை எல்லாம் சேர்ந்தால்தான் அது சாட்சி. கார்டை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டுக் கவரைக் குப்பையில் போட்டவர்கள், பத்திரத்தை எரித்துவிட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் மாதிரி.

சேகரிப்பவர்களின் பார்வையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கார்டு சேகரிப்புக்கே தந்தை என்று சொல்லப்படும் ஜெஃபர்ஸன் பர்டிக், நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் ஒரு தொழிற்சாலை ஊழியர். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். அவர்தான் தன் கேட்டலாகில் கார்டுகளுக்கு எண் கொடுத்தார். டி-206 என்ற பெயரும் அவர் வைத்ததுதான். தன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருட்களை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், இரண்டே மாதத்தில் காலமானார். பசை போட்டு ஒட்டிவிட்டாரே என்று இன்றைய சேகரிப்பாளர்கள் பதறுவார்கள். அதுபோலத்தான் கையெழுத்தும். கார்டில் பேனா பட்டால் அது 'கெட்டுப்போன கார்டு' என்று நினைத்தவர்கள் நீண்ட காலம் பெரும்பான்மை. கையெழுத்துக்குப் பலரும் அனுப்பியது வெறும் வெள்ளை அட்டையோ தபால் அட்டையோதான். அதனால்தான் அந்தக் காலத்தில் கையெழுத்தான பழைய கார்டுகள் இன்று இவ்வளவு அரிது.

கடைசியாக, கவரைப் பிரிக்கும் அந்த முதியவரின் பக்கம். இந்தச் சங்கிலியில் பணம் அவரிடம் மட்டும் அதிகம் வரவில்லை. டாப்ஸ் அன்று ஒரு வீரருக்கு வருடத்துக்குக் கொடுத்தது 125 டாலர். வீரர்களின் பென்ஷன் திட்டம் 1947-இல் தொடங்கியது. 1980 வரை நாலு வருட ஆட்டக்காலம் இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை. விதி மாறியபோதும் ஏற்கெனவே ஆடி முடித்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2011-இல்தான் அவர்களுக்கு ஆட்ட நாட்களைப் பொறுத்து, வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஒரு தொகை வந்தது. ஆள் இறந்தால் அதுவும் நின்றுவிடும், மனைவிக்குப் போகாது. ஒரு கார்டுக்கு ஐந்து டாலர், பத்து டாலர் கேட்கும் பழைய வீரர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கணும்.

அப்படியும் எத்தனையோ பேர் ஒரு காசு வாங்காமல் போட்டு அனுப்புகிறார்கள். பாப் ஃபெல்லர் கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்துப் போட்டதில், அவர் கையெழுத்து இல்லாத பொருள்தான் அரிது என்று ஜோக்கே உண்டு. அவர் நட்சத்திரம், விடுங்கள். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பி ஐம்பது வருடம் வேறு வேலை பார்த்தவருக்கு, 'உங்கள் 1952 கார்டு என்னிடம் இருக்கிறது' என்று முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? அந்த வருடத்துக் கார்டில் இடம்பெற்றவர்களில் இன்று இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஷீட்டில் என் 'இறந்த தேதி' பத்தியில் காலியான கட்டங்கள் அவ்வளவுதான் பாக்கி. எழுத நினைப்பவர்கள் இந்த வாரமே எழுதிவிடுங்கள். திரும்பி வரும் கவரைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.