வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புறீங்களா? பூட்டிய வீட்டில் பைப் வெடிக்காமல் இருக்க மூட வேண்டிய ஒரு வால்வு!

டிசம்பர் பிறந்தாலே டொராண்டோ, மாண்ட்ரியல், நியூ ஜெர்சி பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்கிவிடும். மார்கழிக் கச்சேரி, பொங்கல், தை மாதக் கல்யாணம் எனக் காரணங்கள் பல. பாஸ்போர்ட் எடுத்தாச்சு, பெட்டி எடை பார்த்தாச்சு, கேஸ் அடுப்பை அணைச்சாச்சு. ஆனால், வீட்டுக்குள் தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடினோமா? இந்தக் கேள்வி பலருக்கும் விமானம் ஏறிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கடும் குளிரில் ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து உடைந்தால், தரை, சுவர், கூரை, மரச்சாமான் எல்லாமே நனைந்து நாசமாகிவிடும். அதைத் தடுக்கத் தேவைப்படுவது அரை மணி நேர வேலை மட்டுமே.

பைப் ஏன் வெடிக்கிறது?

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் நேர்மாறு. 0 டிகிரி செல்சியஸில் ஐஸாக மாறும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஃப்ரீசரில் மறந்து வைத்த தண்ணீர் பாட்டில் உப்பிப் போவது இதனால்தான்.

ஆனால், ஐஸ் பிடித்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்பது பொதுவான தவறான எண்ணம். குழாயின் நடுவில் ஐஸ் அடைத்துக்கொண்டு வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் இடையே சிக்கிய தண்ணீரை அது நெருக்குகிறது. தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாயின் பலவீனமான இடத்தில் விரிசல் விடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதை உறுதி செய்திருக்கிறது. வெப்பக்காப்பு இல்லாத இடத்தில் ஓடும் குழாய்களுக்கு, வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் (20 டிகிரி ஃபாரன்ஹீட்) என்பதே எச்சரிக்கை எல்லை என்கிறது அதே ஆய்வு.

சேதம் எப்போது தெரியும்?

இங்கேதான் சிக்கல். பைப் உடைந்த நேரத்தில் பெரும்பாலும் ஒரு சொட்டு நீர்கூட வெளியே வராது. ஐஸே அடைப்பாக நிற்கும். குளிர் குறைந்து ஐஸ் உருகும்போதுதான் தண்ணீர் பீறிட ஆரம்பிக்கும். வீட்டில் ஆள் இருந்தால் சத்தம் கேட்டு ஓடிப்போய் மூடிவிடலாம். பூட்டிய வீட்டில் யார் மூடுவது?

டொராண்டோவில் மாலை 6 மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஈரத்தைப் பார்த்து மெசேஜ் போட்டால், சென்னையில் அப்போது மறுநாள் அதிகாலை 4.30 மணி. வீட்டுக்காரர் கண்விழித்து போனைப் பார்ப்பதற்குள் தண்ணீர் பேஸ்மென்ட்டை நிறைத்திருக்கும்.

ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு ஹீட்டர்?

மின்சாரம், கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க ஹீட்டிங்கை மொத்தமாக அணைத்துவிட்டுப் போவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. வெளியூர் போகும்போதும் தெர்மோஸ்டாட்டை 13 டிகிரி செல்சியஸுக்கு (55 டிகிரி ஃபாரன்ஹீட்) கீழே குறைக்கக் கூடாது என அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவுறுத்துகிறது.

தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும், 13 எதற்கு? தெர்மோஸ்டாட் காட்டுவது ஹாலின் வெப்பநிலையை. குழாய்கள் ஓடுவதோ வெளிச்சுவருக்குள்ளும், கேரேஜிலும், பரணிலும். அந்த இடங்கள் ஹாலைவிட மிகக் குளிர்ச்சியாக இருக்கும்.

ஹீட்டரை மட்டும் நம்பினால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள், நிறுவனங்களுக்கு மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாததால் ஹீட்டிங்கும் நின்றது. ஏராளமான வீடுகளில் குழாய்கள் உடைந்தன. எனவே ஹீட்டிங்கும் ஓட வேண்டும், குழாயில் தண்ணீரும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

1. மெயின் வால்வைக் கண்டுபிடியுங்கள்: கனடா, வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், வாட்டர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். பிரிட்டன் வீடுகளில் பலவற்றில் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும்.

2. ஒரு வாரம் முன்பே திருகிப் பாருங்கள்: வருஷக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கலாம். கிளம்பும் நாளில் முரட்டுத்தனமாகத் திருகினால் அதுவே உடையும். முன்பே தெரிந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம்.

3. வாட்டர் ஹீட்டரைக் கவனியுங்கள்: கேஸ் ஹீட்டர் என்றால் ‘வெகேஷன்’ நிலையில் வைக்கலாம். மின்சார ஹீட்டர் என்றால் பிரேக்கரை அணைத்துவிட வேண்டும். டேங்கில் தண்ணீர் குறைந்த நிலையில் மின்சாரம் ஓடினால் உள்ளிருக்கும் காயில் கருகிவிடும்.

4. மெயின் வால்வை மூடி, தண்ணீரை வடியுங்கள்: முதலில் மேல்மாடி டேப், பிறகு வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் டேப் என வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்துவிடுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே தண்ணீர் முழுதாக வடியும். டாய்லெட் ஃப்ளஷ்ஷையும் ஒருமுறை அழுத்தி டேங்கைக் காலியாக்குங்கள்.

5. வெளிக்குழாயை மறக்காதீர்கள்: தோட்டத்து ஹோஸைக் கழற்றி உள்ளே வையுங்கள். வெளிக்குழாய்க்கு வீட்டுக்குள் தனி வால்வு இருந்தால் அதை மூடி, வெளியே டேப்பைத் திறந்து வையுங்கள்.

6. வாஷிங் மெஷின் ஹோஸ் வால்வுகளையும் மூடுங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது?

ரேடியேட்டர் வழியாக வெந்நீர் ஓடும் ஹீட்டிங் முறை இருந்தால், அதன் தண்ணீரை நீங்களே வடிக்க வேண்டாம். மெயினை மூடலாமா என்பதையும் ஹீட்டிங் டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் லைனை மூடக் கூடாது. பேஸ்மென்ட்டில் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது.

மாதக்கணக்கில் ஹீட்டிங்கையே நிறுத்தப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சிங்க், டாய்லெட்டுக்கு அடியில் உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். அது உறையாமல் இருக்க, குழாய்களுக்கென்றே விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸை ஊற்றுவார்கள். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷத்தன்மை உள்ளது. அதை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இன்சுரன்ஸ் பணம் கிடைக்குமா?

‘அதான் இன்சுரன்ஸ் இருக்கே’ என்று நினைப்பவர்கள் பாலிசியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. கனடாவின் பல வீட்டுக் காப்பீடுகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாள்களுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லையென்றால், தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். இல்லையெனில் பொறுப்பான ஒருவர் தினமும் வந்து ஹீட்டிங் ஓடுகிறதா எனப் பார்த்திருக்க வேண்டும். செய்யாவிட்டால், உறைந்து உடைந்த குழாயால் வந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

கவனிக்க வேண்டிய வார்த்தை ‘தினமும்’. ‘முடிஞ்சா வீக்கெண்ட்ல ஒரு எட்டு பாத்துக்கோங்க’ என்று நண்பரிடம் சொல்லிவிட்டு வருவது இந்த நிபந்தனைக்குப் போதாது. பிரிட்டனிலும் வீடு 30 அல்லது 60 நாள்களுக்கு மேல் காலியாக இருந்தால் பல பாலிசிகளின் பாதுகாப்பு குறைந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் என்பதால், டிக்கெட் போட்டதும் ஏஜென்ட்டிடம் கேட்டு, பதிலை இ-மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்தியாவில் இந்தப் பிரச்னை உண்டா?

உண்டு. டிசம்பர் 21-ல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்ற 40 நாள் கடுங்குளிரில் ஸ்ரீநகரில் தண்ணீர்க் குழாய்கள் உறைவது வழக்கமான காட்சி. ஊட்டியில் சில அதிகாலைகளில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கினாலும், வெயில் ஏறியதும் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குளிர்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ‘பைப் வெடிக்கும்’ என்பதே புதுச் செய்தியாக இருக்கிறது.

திரும்பி வந்ததும்?

வீட்டுக்குள் நுழைந்தவுடன் மெயினை முழுசாகத் திறந்துவிடக் கூடாது. முதலில் எல்லா டேப்பையும் மூடுங்கள். மேல்மாடியில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மெயின் வால்வை மெதுவாகத் திருகுங்கள். காற்று வெளியேறும் சத்தம் நின்றதும் அந்த டேப்பையும் மூடிவிட்டு, சுவர், சிங்க் அடி, பேஸ்மென்ட் எல்லா இடத்தையும் பாருங்கள். எங்காவது கசிந்தால் உடனே மெயினை மூடி பிளம்பரைக் கூப்பிட வேண்டும். ஹீட்டர் டேங்க் நிரம்பி, வெந்நீர் டேப்பில் தண்ணீர் சீராக வந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும்.

டேப்பைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் எங்கோ உறைந்திருக்கிறது என்று அர்த்தம். டேப்பைத் திறந்தே வைத்து, ஹேர் டிரையரால் மெல்லச் சூடுபடுத்தலாம். தீக்குச்சி, மெழுகுவர்த்தி, கேஸ் டார்ச் எதையும் குழாய் அருகே கொண்டுபோகக் கூடாது. வட அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டவை. தண்ணீருக்குப் பயந்து தீயை வரவழைத்த கதையாகிவிடும்.

உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து கிளம்பத் தயாராகிக் கொண்டிருந்தால், ‘முறுக்கு வேணுமா, அதிரசம் வேணுமா’ என்று கேட்கும் அதே போன் காலில் இதையும் கேட்டுவிடுங்கள்: “மெயின் வால்வு எங்க இருக்குன்னு தெரியுமா?”