எந்த பிளாக் சார்?

போன வாரம் வெளியூர்ல டாக்ஸிக்காரர்கிட்ட முகவரி சொல்லி விழிக்கிறதைப் பத்திப் பேசினோம். எனக்கு அது நடந்தது வெளிநாட்டுல இல்லை, சொந்த மாவட்டத்துல. ஊர் நெய்வேலி.

ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். கண்டக்டர் "ஆர்ச் கேட், ஆர்ச் கேட்"னு குரல் கொடுத்ததும் நெடுஞ்சாலையில் இறங்கிட்டேன். ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த பிளாக் சார்?" என் கையில் இருந்தது தெருப் பேரும் வீட்டு எண்ணும் மட்டும்தான். அது போதாதாம். கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு பிளாக் எண் வாங்கின பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது நிலக்கரி மாதிரி கறுப்பா ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14ல் நிறுவனம் பதிவானது. அடுத்த வருஷம் மே 20ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1961 ஆகஸ்ட்ல நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சது, 1962ல் முதல் 50 மெகாவாட் மின்சாரம். அனல் மின் நிலையத்துக்கு சோவியத் உதவி, மண்ணை வெட்டுற ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து.

ரஷ்ய இன்ஜினியரும் மலையாளி ஃபிட்டரும் ஒரே ஊர்ல குடியிருக்கணும்னா, முந்திரிக் காட்டுக்கு நடுவே புதுசா ஒரு ஊரையே வரையணும். சதுரம் சதுரமா வரைஞ்சு எண் போட்டாங்க. எண்ணுக்கு மொழி வேண்டாம் இல்லையா? ஜெர்மனியில் மன்ஹைம்னு ஒரு பழைய நகரம். அதன் மையத்துல தெருப் பேரே சொல்ல மாட்டாங்க, ஒரு எழுத்தும் ஒரு எண்ணும்தான் முகவரி. சண்டிகர்ல செக்டார். புதுசா வர்றவனுக்கு இதெல்லாம் சுலபம், எண் தெரிஞ்சிருந்தால்.

இன்னொரு விஷயம், நெய்வேலி ரயில் நிலையத்தை நம்பிப் போகிறவங்களுக்கு. அது டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கு. இறங்கி நடந்தே போயிடலாம்னு நினைக்காதீங்க. ஆட்டோ கட்டணமும் ஏறும்போதே பேசிடணும். சென்னையில் 2013ல் அரசு மீட்டர் கட்டணம் நிர்ணயிச்சது. என்னை ஏத்தினவர் மீட்டர் பக்கமே திரும்பலை, பிளாக் எண்ணைக் கேட்டதும் தொகையைச் சொல்லிட்டார்.

வழியில் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, உங்களுக்கு எந்த ஊர்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் தூரத்துல மண்மேடு தெரிகிற பக்கமா ஒரு கையை நீட்டினார். "அங்க இருந்துச்சு. இப்போ சுரங்கத்துக்குள்ள."

திறந்தவெளிச் சுரங்கம் ஒரே இடத்துல நிக்காது, நகர்ந்துகிட்டே போகும். முன்னால் இருக்கிற ஊர், வாய்க்கால், ரோடு எல்லாம் வழிவிட்டாகணும். டவுன்ஷிப்புக்கு வந்தவங்களுக்கு பிளாக் எண் கிடைச்சது. போனவங்க, மாற்றுக் குடியிருப்புகளில் பழைய ஊர்ப் பேரை வாயில வெச்சுக்கிட்டுப் புதுசா வழி சொல்லிப் பழகினாங்க. டவுன்ஷிப் வரலாற்றை எழுதறவங்க இந்த ரெண்டாவது பாதியைப் பெரும்பாலும் ஒரு வரியில தாண்டிடறாங்க, அது எனக்குச் சரியாப் படலை.

மண்டப வாசல்ல இறக்கி விட்டார். காசு வாங்கும்போது, "திரும்பப் போகணும்னா இந்த பிளாக் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார், வந்துடறேன்"னார். அவரோட ஊர்ப் பேரை நான் கேட்டுக்கவே இல்லை.