உப்பாற்றங்கரையில் ஒரு தோட்டம்

இலங்கையின் தென்மேற்குக் கரையில், பெந்தோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில், ஈழத்தலரியின் இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். கிளை தன்போக்கில் வானை நோக்கி எழாமல், தாழ்ந்து வளைந்து பக்கவாட்டில் படர வேண்டும். ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தால்தான் அந்த வளைவு கிளையில் நிலைக்கும். பொறுத்திருந்தவர் ஜெஃப்ரி பாவா. கோட்டேயில் நீர்சூழ நிற்கும் இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

தோட்டத்தின் பெயர் லுணுகங்கா. லுணு என்றால் சிங்களத்தில் உப்பு. தமிழில் உப்பாறு என்றே சொல்லிவிடலாம். பெந்தோட்டை ஆற்றின் கழிமுகத்தோடு உறவுள்ள தெத்துவ ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மேட்டுநிலம் அது. ஒல்லாந்தர் காலத்தில் அங்கே கறுவா விளைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர் மரங்கள் வந்தன. 1948இல் பாவா வாங்கியபோது, பராமரிப்பு குன்றிய அந்த இறப்பர் தோட்டத்தின் நடுவே எடுப்பில்லாத ஒரு பங்களா இருந்தது.

அப்போது அவர் கட்டடக் கலைஞர் அல்லர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்து, கொழும்பில் வழக்கறிஞராகச் சில காலம் இருந்து, அதில் மனம் ஒட்டாமல் உலகம் சுற்றப் போனவர். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் வீடு வாங்கிக் குடியேறும் எண்ணம்கூட இருந்தது. அது கைகூடாமல் ஊர் திரும்பினார். அண்ணன் பெவிஸ் அதே வட்டாரத்தில் ‘ப்ரீஃப்’ என்ற தோட்டத்தை ஏற்கெனவே வளர்த்து வந்தார். தம்பிக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் மண்ணையும் சுவரையும் மாற்றத் தொடங்கியதும் தம்மிடம் உள்ள அறிவு போதாது என்று உணர்ந்தார். மீண்டும் லண்டன் போய் முறையாகப் படித்து, 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. பாவாவைக் கட்டடக் கலைக்குள் இழுத்துவந்தது லுணுகங்காதான்.

அங்கே அவர் செய்த வேலைகளில் மிகப் பெரியது பார்வைக்கே படாதது. வீட்டின் தெற்கே கறுவாக் குன்று. அதன் முதுகு ஏரியை மறைத்தது. உச்சியைச் செதுக்கித் தாழ்த்தினார். வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊர்ப் பாதை ஒன்று போகிறது. அதைப் பள்ளத்தில் அமிழ்த்தியதால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி அறுபடாமல் ஏறுகிறது. குன்றின் மேல் ஒரு மகிழமரம், அதன் நிழலில் பெரிய சாடி. அந்தச் சாடியைத் தாண்டிக் கண் ஓடினால் ஏரி. ஏரிக்கு அப்பால் பௌத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். பக்கத்துக் கிராமத்தின் கோயிலை ஒரு சுவர்கூட எழுப்பாமல் தம் தோட்டத்தின் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார் பாவா. இதைவிட நுட்பமான வேலையை அவருடைய புகழ்பெற்ற ஹோட்டல்களில்கூடக் காண்பது கடினம்.

வடக்கே, ஏரியோரத் தாழ்நிலத்தில், நீர்த்தோட்டம் அமைத்தார். சிறு சிறு கூடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. உதவிக்கு ஆளழைக்க ஆங்காங்கே மணிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஓசை என்பதால், எந்த மூலையிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைக் காதே சொல்லிவிடும்.

1998இல் வந்த பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்தது. 2003 மே 27 அன்று இறந்தார். கறுவாக் குன்றே அவருக்கு இறுதி இடமாயிற்று. மணமாகாதவர், வாரிசு இல்லை. ஆனால் 1982லேயே ஓர் அறக்கட்டளையை நிறுவியிருந்தார். தோட்டம் துண்டு போடப்பட்டு விற்கப்படாமல் தப்பியதற்கு அந்த முன்யோசனை முக்கியமான காரணம்.

பொறுப்பேற்றவர்களுக்கு வந்த சிக்கல் கோட்டையையோ அரண்மனையையோ காப்பவர்களுக்கு வராதது. கல் நின்ற இடத்தில் நிற்கும்; மரம் நிற்காது. ஐம்பது ஆண்டுகள் வெட்டியும் நட்டும், இடித்தும் கட்டியும் பாவா இந்த நிலத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். அதில் எந்த ஆண்டின் தோட்டத்தைக் காப்பது? கிறிஸ்டோஃப் பான், டொமினிக் சன்சோனி ஆகியோரின் படங்களோடு 1990இல் வெளிவந்த ‘லுணுகங்கா’ நூல் ஒரு சாட்சியாக இருக்கிறது. ஆனால் படத்தில் உள்ளபடியே நிறுத்த முயல்வதும் பிழைதான். வெட்டாமல் விட்டால் பத்தே மழைக்காலத்தில் ஈரவலயத்துக் காடு ஏரியை மறைத்துவிடும். எதையும் மாற்றக் கூடாது என்றால் விழுந்த மரத்துக்குப் பதில் கன்றுகூட நட முடியாது. ஆகவே இங்கே காப்பாற்றுவது அரிவாளும் மண்வெட்டியும் அன்றாடம் செய்யும் வேலை. அதற்கான செலவில் ஒரு பங்கைப் பார்வையாளர் கட்டணமும் தங்கும் விருந்தினரும் ஈடுகட்டுகிறார்கள்.

பழையதைப் பெயர்த்துப் புதிய இடத்தில் வாழவைப்பது பாவாவுக்குப் பழக்கமானதுதான். 1970களின் தொடக்கத்தில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக மதுரையில் அவர் கட்டிய மன்றத்தில், பழைய கட்டடங்களிலிருந்து மீட்ட கல்தூண்களும் கதவுகளும் சேர்ந்தன. கோச்சடையில் இப்போது அது ஹோட்டல்.

அவர் போன பிறகு அதே முறை அவருடைய படைப்புக்கே தேவைப்பட்டது. பத்திக் ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிய வீடு, உள்முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த நம் பழைய வீட்டு வடிவை நகரத்துக்கு மீட்டுத் தந்தது. அந்த மனை கைமாறி, வீடு இடிபடும் நிலை வந்தது. தூண், கதவு, கல், ஓடு என்று கழற்றி, எண்ணிட்டு, லுணுகங்காவுக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். பல ஆண்டுகள் நீண்ட அந்த வேலை 2016இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏனா காலமாகியிருந்தார். அவருடைய முற்றம் இப்போது ஏரிக்கரை மழையை வாங்கிக்கொண்டிருக்கிறது.