பம்பாயில் கோபம், வைகைக்கரையில் மண்

சென்ற பகுதியில் பம்பாய்த் திரையுலகில் நின்றிருந்தோம். 1973-ல் ‘ஜஞ்சீர்’, 1975-ல் ‘தீவார்’, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ‘ஷோலே’ என்று சலீம்–ஜாவேத் எழுதிய கதைகள் இந்திப் பட நாயகனையே மாற்றிவிட்டன. பூங்காவில் பாடிக்கொண்டிருந்தவன் போய் அமிதாப் பச்சன் என்ற கோபக்கார இளைஞன் வந்தான். அதே சமயத்தில் தமிழில் நடந்த மாற்றம் வேறு திசையில் போனது.

1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது; பண்ணைப்புரத்து இளையராஜாவுக்கு அது முதல் படம். மறு ஆண்டு செப்டம்பரில் அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து பாட்டெழுதினார். இந்த மூன்று ஊர்களும் இன்று தேனி மாவட்டத்தில் இருக்கின்றன. 1996 வரை மதுரை மாவட்டம்தான். ஒரே மாவட்டத்துக்காரர்கள் கோடம்பாக்கத்தின் காதையும் கண்ணையும் நாக்கையும் மாற்றினார்கள் என்றால் அது மிகையில்லை.

‘16 வயதினிலே’யில் கோவணம் கட்டி, வெற்றிலைக் கறையேறிய பல்லோடு, காலை இழுத்து நடக்கும் சப்பாணியாகக் கமல் வந்து நின்றபோது, ஊர்ப்பக்கத்துக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவன் தன் தெருக்காரனையே பார்த்தான். நிவாஸின் கேமரா அந்த வெயிலையும் புழுதியையும் மறைக்கவில்லை. படப்பிடிப்பு நடந்ததென்னவோ கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். ‘ஷோலே’யின் ராம்கர் கிராமமும் அதே மாநிலத்து ராமநகரத்தில் எழுந்ததுதான். ஆனால் ராம்கரை எந்த மாவட்டத்திலும் வைக்க முடியாது. ‘16 வயதினிலே’யின் மயிலும் பரட்டையும் பேசிய பேச்சைக் கேட்டால் ஊர் தானாகவே தெரிந்துவிடும்.

1980-ல் இரண்டு ஓட்டங்களும் ஒரே நடிகரிடம் வந்து கலந்தன. அமிதாப்பின் ‘டான்’ தமிழில் ரஜினி நடித்த ‘பில்லா’வாகி ஜனவரியில் வந்தது. அதே ரஜினி, டிசம்பரில் ‘முரட்டுக்காளை’யில் வேட்டியை மடித்துக் கட்டிக் காளையை அடக்கினார். அந்த ஜல்லிக்கட்டைச் சிவகங்கைச் சீமையின் பாகனேரியில் எடுத்தார்கள். 1956-ல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தில் எம்.ஜி.ஆர். காளையோடு மோதியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அடுத்த தலைமுறை விருந்து.

அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்தத் திரை ஜல்லிக்கட்டு மீது ஒரு குறை இருக்கும், எனக்கும் உண்டு. அங்கே முதலில் கோயில் மாடு வெளியே வரும்; அதை யாரும் தொடமாட்டார்கள். அதன்பின் அவிழ்க்கும் மாடு, கண்மூடித் திறப்பதற்குள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும். திமிலை அணைத்து, அது துள்ளும்போதும் விடாமல் தொங்கினால்தான் பிடி. வாலைப் பிடிப்பதோ கொம்பைப் பிடிப்பதோ கணக்கில் சேராது. பிடிபடாமல் நின்று விளையாடிய மாட்டுக்கும் பரிசு உண்டு. அதை வளர்த்தவர் தலைநிமிர்ந்து ஓட்டிப் போவார். வருடம் முழுக்கப் பிள்ளைபோல் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதரை நாயகனாக்கிய படம் அந்தப் பத்தாண்டில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. திரையில் காளை, நாயகன் ஜெயிப்பதற்காகவே வந்து போனது.

இருந்தும் மதுரைக்குள் ஒரு கதவு திறந்தது. 1983-ல் ‘மண்வாசனை’க்கு நாயகன் தேடிய பாரதிராஜா, மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். பாண்டியன் என்று பெயர் சூட்டி, ரேவதிக்கு ஜோடியாக நிறுத்தினார். இருவருக்குமே அதுதான் முதல் படம்.

(தொடரும்)