பயணியின் மகிழ்ச்சியும் சபையின் வினாவும்: 1826இல் தஞ்சை

திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர்க்குப் பயணிகளின் குறிப்புகள் பெருந்துணையாவன. ஆயினும், இனிய நினைவாகப் போற்றப்பெறும் ஒரு குறிப்பை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ளலாம் என்பது ஆராயத்தக்கது. கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சையில் தங்கிய சில நாட்கள் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

1823இல் இந்தியா வந்த ஹீபர் கவிஞர். புதிய நாடுகளைக் காண்பதில் பெருவிருப்பம் உடையவர். 1824, 1825ஆம் ஆண்டுகளில் காசி முதலிய வடநாட்டு நகரங்களைக் கண்டு அவர் எழுதிய பயண வரலாறு, அவர் மறைந்தபின் 1828இல் வெளிவந்தது. 1826இல் சென்னையினின்றும் தெற்கு நோக்கிப் புறப்பட்ட அவர், சிதம்பரம், கும்பகோணம் வழியாகக் காவிரி நாட்டினூடே வந்து, மார்ச்சு 25ஆம் நாள் தஞ்சையை அடைந்தார்.

மறுநாள் உயிர்த்தெழுந்த திருநாள். சுவார்ச்சு ஐயர் கட்டிய கோயிலில் காலையில் ஆங்கில ஆராதனையும், மாலையில் தமிழ் ஆராதனையும் நடைபெற்றன. மாலையில் ஹீபர் தமிழிலேயே ஆசி கூறினார். திரளாகக் கூடிய மக்களின் பக்தி அவர் உள்ளத்தை உருக்கிற்று. உடன் வந்த குருவானவர் தாமஸ் ராபின்சன் இதனைப் பின்னர் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஹீபர் அரண்மனைக்கும் சென்று சரபோஜி மன்னரைக் கண்டார். மன்னரும் ஒரு பயணியே. 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டவர் அவர். கங்கைத் துறைகளைக் காட்டும் ஓவியங்கள் அந்த யாத்திரையின் நினைவாகச் சரசுவதி மகாலில் உள்ளன. இளமையில் தம்மைப் பேணிய சுவார்ச்சு ஐயரை மன்னர் மறந்தாரல்லர். 1798இல் மறைந்த அவருக்குப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சின்னம் செய்வித்தார். மேனாட்டு அறிவியலிலும் இலக்கியத்திலும் மன்னர்க்கிருந்த பயிற்சி ஹீபரை வியப்பில் ஆழ்த்தியது.

இவையனைத்தும் உண்மையே. ஆனால் பேராயரை உருக்கிய அதே சபையில் சாதி வேறுபாடு வேரூன்றியிருந்தது. ஆலயத்தில் அமரும் இடம் வேறு. திருவிருந்துக்கு வரும் முறை வேறு. சுவார்ச்சின் மாணாக்கரும் சிறந்த கிறிஸ்தவக் கவிஞருமாகிய வேதநாயக சாஸ்திரியாரே அவ்வழக்கத்திற்கு ஆதரவாக எழுதினார். ஹீபர் இதனை அறியாதவர் அல்லர். இது சமூக வழக்கமா, விசுவாசத்திற்கு முரணானதா என்று மிஷனெரிமாரிடம் வினவியிருந்தார். பொறுமையாக நடத்தலாம் என்னும் சார்பே அவரிடம் காணப்பட்டது. முடிவு கூறுமுன் ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் தமிழ்ச் சபையாரைத் திடப்படுத்திவிட்டுத் திரும்பியவர், குளிக்குமிடத்தில் உயிர் துறந்தார். அவருக்கு வயது 42.

அம்மரணம் தஞ்சை நாட்களுக்குப் புனித ஒளி ஊட்டியது. உயிர்த்தெழுந்த திருநாளின் மாலை ஆராதனை மீண்டும் மீண்டும் நினைவுகூரப்பெற்றது. அவர் தொடங்கிய விசாரணையோ அந்த நினைவில் இடம் பெறவில்லை. 1833இல் பேராயர் டானியேல் வில்சன், சபையில் சாதி அறவே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் திருவிருந்தை விட்டு விலகினர். கண்ணீர் வரச்செய்த அந்தச் சபையில் எத்துணைப் பிளவு மறைந்திருந்தது என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

எனவே, ஹீபரின் மகிழ்ச்சி பொய் எனத் தள்ளுதல் நேர்மையன்று. சில நாள் தங்கும் விருந்தினர்க்குச் சபையின் பாடலும் செபமும் எளிதில் விளங்கும். யார் பின்னே நிறுத்தப்பட்டார் என்பது அங்கேயே வாழ்வோர் சொன்னாலன்றி விளங்காது. அவ்வாறு பின்னே நின்றவர்களின் சொற்களை நம் ஏடுகள் மிகக் குறைவாகவே காத்துள்ளன.

உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் எம்மாவூருக்குச் சென்ற சீடர் இருவர், உடன் நடந்த பயணியை வழியில் அறியவில்லை. ஒரே பந்தியில் அப்பம் பிட்கையிலேயே அறிந்தனர். தஞ்சையின் அந்த மாலையை நாம் நன்றியுடன் நினைவுகூரும்பொழுது, அப்பந்தியைப் பற்றிய வினாவையும் சேர்த்தே நினைவுகூருதல் நம் கடமையாகும்.