பழைய கிராண்ட் பியானோ விற்பனைக்கு! சொல்லும் விலை சரிதானா?

"ஸ்டைன்வே கிராண்ட் பியானோ. ஒரே உரிமையாளர். அதிகம் வாசிக்கப்படாதது. வீடு மாறுவதால் விற்கிறோம்."

இதுபோன்ற விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். கேட்கும் விலை, புதியதன் விலையில் பாதிகூட இருக்காது. பிள்ளை எட்டாம் நிலைத் தேர்வுக்குத் தயாராகிறது. பார்த்தவுடனே ஆசை வரும்தான்.

ஆனால் கார் வாங்குவதுபோல் இல்லை இது. பழைய காருக்குச் சந்தை விலை ஓரளவு தெரியும். பழைய பியானோவுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் செய்த இரண்டு பியானோக்களின் மதிப்பு இன்று ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடலாம்.

எதை வைத்து முடிவு செய்வது?

பெயர் எவ்வளவு முக்கியம்?

முக்கியம்தான். ஆனால் பெயர் உச்சவரம்பைத்தான் சொல்லும். உண்மையான விலையைச் சொல்வது பியானோவின் இன்றைய நிலை.

வியன்னாவின் போசன்டோர்ஃபர் 1828இல் தொடங்கியது. நியூயார்க்கின் ஸ்டைன்வே, ஜெர்மனியின் பெக்‌ஸ்டைன், புளூத்னர் மூன்றும் 1853இல் பிறந்தவை. இத்தாலியின் ஃபாட்சியோலி 1981இல்தான் வந்தது. இவை எல்லாம் உயர்ரகப் பெயர்கள்.

ஸ்டைன்வேக்கு இரண்டு ஆலைகள். ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் (1880 முதல்). ஆசியாவுக்குப் பெரும்பாலும் ஹாம்பர்க் பியானோக்களே வருகின்றன. விற்பவரிடம் எந்த ஆலை என்று கேளுங்கள்.

ஒரு குழப்பத்தையும் தவிர்க்கவேண்டும். 'பாஸ்டன்', 'எசெக்ஸ்' என்ற பெயர்களை "ஸ்டைன்வே குடும்பம்" என்று சொல்லி விற்பார்கள். வடிவமைத்தது ஸ்டைன்வே என்பது உண்மை. தயாரிப்பது வேறு நிறுவனங்கள். நல்ல பியானோக்கள்தான், ஆனால் ஸ்டைன்வே விலை கொடுக்கவேண்டியதில்லை.

வயது எப்படித் தெரியும்?

"அப்பா 90களில் வாங்கினார்" என்பது வாங்கிய ஆண்டு. செய்த ஆண்டு வேறாக இருக்கலாம்.

பியானோவின் மூடியைத் திறந்து, இசைத்தாள் வைக்கும் பலகையை வெளியே இழுத்தால் உள்ளே இரும்புச் சட்டம் தெரியும். அதில் வரிசை எண் இருக்கும். ஸ்டைன்வேயின் 500,000ஆவது பியானோ 1988இல் வந்தது, 600,000ஆவது 2015இல். எண் 550,000 என்றால் இடைப்பட்ட காலத்தில் செய்தது. துல்லியமான ஆண்டைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிடலாம்.

நியூயார்க்கில் 1960களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை செய்த ஸ்டைன்வே என்றால் கொஞ்சம் கவனம். அந்தக் காலத்தில் உள்விசைகளின் மூட்டுகளில் கம்பளித் துணிக்குப் பதில் டெஃப்லான் போட்டார்கள். ஈரப்பதம் மாறும்போது அவற்றில் 'டிக் டிக்' என்ற சத்தம் வருவதுண்டு. ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

அளவும் விலையை மாற்றும். ஸ்டைன்வேயில் 'எம்' 170 சென்டிமீட்டர், 'ஓ' 180, 'பி' 211, அரங்குகளில் வாசிக்கும் 'டி' 274. வீட்டுக்கு வாங்குவோர் அதிகம் விரும்புவது 'ஓ', 'பி' இரண்டையும். 'டி' பெரியது என்பதற்காக எளிதில் விற்றுவிடாது. அதை வைக்க யாரிடம் இடம் இருக்கிறது?

பளபளப்பை விடுங்கள், உள்ளே பாருங்கள்

மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோர் பார்க்காத இடமும் இதுதான்.

முதலில் 'சவுண்ட்போர்டு'. தந்திகளின் அடியில் இருக்கும் அகன்ற, மெல்லிய மரப்பலகை. ஸ்புரூஸ் மரத்தில் செய்வார்கள். தந்தியின் அதிர்வை வாங்கி, அறை முழுவதும் கேட்கும் ஒலியாக மாற்றுவது அதுதான். அது தட்டையாக இருக்காது. நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். தந்திகள் மேலிருந்து அழுத்த, பலகை கீழிருந்து எதிர்த்து நிற்கும். அந்த வளைவு போய்விட்டால் ஒலி சீக்கிரம் செத்துவிடும். வாசிக்கும் சுரம் நீடித்து ஒலிக்காது.

வளைவு இருக்கிறதா என்று தொழில்நுட்பர் பியானோவின் அடியில் படுத்து, ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பார். நூலுக்கும் பலகையின் நடுப்பகுதிக்கும் இடையே இடைவெளி தெரியவேண்டும்.

விரிசல் இருந்தால்? பயந்து ஓடவேண்டாம். பழைய பியானோக்களில் விரிசல் சகஜம். பலகை அதன் அடிச்சட்டங்களிலிருந்து பிரிந்து 'கரகர' என்று அதிர்ந்தால்தான் சிக்கல். பேரம் பேச நல்ல காரணம் என்பது வேறு விஷயம்!

அடுத்தது 'பின் பிளாக்'. தந்திகளைச் சுற்றியிருக்கும் 200க்கும் அதிகமான முறுக்காணிகள் இறுகி நிற்கும் மரக்கட்டை. எல்லாத் தந்திகளின் இழுவிசையையும் கூட்டினால் ஏறக்குறைய 20 டன். இரும்புச் சட்டம் பெரும்பகுதியைத் தாங்கும். ஆனால் ஒவ்வோர் ஆணியும் திரும்பிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மரம்தான். மரம் தளர்ந்துவிட்டால் சுருதி நிற்காது. அதைச் சரிசெய்வது பெரிய வேலை, பெரிய செலவு.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைத்தொலைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைப் போட்டு, நடு 'ஏ' விசையை அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸுக்கு அருகில் காட்டவேண்டும். எல்லாச் சுரங்களும் சீராகக் குறைந்திருந்தால், வெகுநாளாகச் சுருதி சேர்க்கவில்லை என்று அர்த்தம். அது சமாளிக்கக்கூடியது. சில சுரங்கள் மட்டும் கோணலாக இருந்தால் ஆணி தளர்ந்திருக்கலாம்.

"நேற்றுதான் சுருதி சேர்த்தோம்" என்று சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள்.

தந்தியை அடிக்கும் 'ஹேமர்', கம்பளியால் ஆனது. வாசிக்க வாசிக்க அதில் தந்தியின் தடம் பள்ளமாக விழும். இது காரின் சக்கரம் மாதிரி, தேயத்தான் செய்யும், மாற்றிக்கொள்ளலாம். செலவு உண்டு. ஆனால் அதற்காக நல்ல பியானோவை ஒதுக்கவேண்டாம்.

'அதிகம் வாசிக்கப்படாதது' நல்லதா?

சிங்கப்பூரில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பியானோ விரும்புவது ஏறத்தாழ 40இலிருந்து 60 விழுக்காடு. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. இரவில் குளிரூட்டி, பகலில் மூடிய அறையின் வெக்கை என்று மாறிமாறி இருந்தால் மரம் விரிந்து சுருங்கும்.

யாரும் வாசிக்காத பியானோவை யாரும் கவனிப்பதும் இல்லை. தந்தியில் துரு, கனத்த தந்திகளின் செம்புச் சுற்றில் பச்சை, விசை அழுத்தினால் மெதுவாக மேலே வருவது, மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. இவை எல்லாம் ஈரத்தின் வேலை. தினமும் வாசித்து, ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்த்த பியானோவைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன். சுருதி சேர்த்ததற்கான ரசீதுகளைக் கேட்கத் தயங்காதீர்கள்.

'புதுப்பிக்கப்பட்டது' என்றால்?

இந்தச் சொல்லுக்கு வரையறையே இல்லை. வெளியே பாலிஷ் போட்டதையும் அப்படிச் சொல்வார்கள். பின் பிளாக், தந்தி, ஹேமர் எல்லாம் மாற்றியதையும் அப்படிச் சொல்வார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எதை மாற்றினார்கள், யார் செய்தது, எந்த நிறுவனத்தின் பாகம், வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டைன்வே தன் சொந்தப் பாகங்களையே பயன்படுத்தவேண்டும் என்று வலியுறுத்துகிறது. வேறு பாகங்களோடும் தரமாகச் செய்யமுடியும் என்று வெளியில் உள்ள கைவினைஞர்கள் சிலர் வாதிடுவர். வாசிப்பவருக்கு எது சரி என்பது வேறு. நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது வாங்குபவர் அதைக் கேட்பார்.

கணக்குப் போடுவோம்

புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. இவை உண்மைச் சந்தை விலைகள் அல்ல.

விற்பவர் 80,000 வெள்ளி கேட்கிறார். அதே வகை, அதே வயது, நல்ல நிலையில் உள்ள பியானோக்கள் 75,000 வெள்ளிக்குக் கைமாறுகின்றன. உங்கள் தொழில்நுட்பர் 20,000 வெள்ளிக்கு வேலை இருக்கிறது என்கிறார். கொண்டுவருவது, சுருதி சேர்ப்பதற்கு 1,500 வெள்ளி. அப்படியென்றால் அந்தப் பியானோவுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 53,500 வெள்ளி. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இது முதலீடு, விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்பார்கள். ஏறுவது புதிய பியானோவின் விலை. உங்கள் பியானோவுக்கு அதோடு சேர்ந்து வயதும் ஏறுகிறது.

இந்தக் கணக்குக்குத் தேவையான ஒரு நபர், தொழில்நுட்பர். விற்பவர் காட்டும் ஆளை அல்ல, நீங்கள் பணம் கொடுத்து அழைத்துவரும் ஆளை நம்புங்கள். பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், கதவு அந்தப் பக்கம்!

யானைத் தந்தம் இருந்தால்?

மிகப் பழைய பியானோக்களில் வெள்ளை விசைகளின் மேல் யானைத் தந்தம் ஒட்டியிருக்கும். மெல்லிய ரேகைகளும், விசையின் குறுக்கே ஓர் இணைப்புக் கோடும் தெரியும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தப் பொருள்களை விற்பதற்கும், விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதற்கும் தடை உள்ளது. பணம் கைமாறும் முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு குறை தெரிந்தால்?

கடையில் வாங்கினால் 'லெமன் சட்டம்' துணை நிற்கும். பழைய பொருள்களுக்கும் அது பொருந்தும், வயதையும் விலையையும் கருத்தில் கொள்வார்கள். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு.

தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் கிடையாது. அதனால் வரிசை எண், விற்பவர் சொன்ன நிலை, மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் வீட்டு மின்தூக்கியையும் அளந்துவிடுங்கள். 'பி' வகை ஏறக்குறைய 345 கிலோ. காலைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தித்தான் கொண்டுவருவார்கள். மின்தூக்கியில் நுழையாவிட்டால் படிக்கட்டு வழியாகத்தான் தூக்கவேண்டும், அதற்கு மாடிக் கணக்கில் கட்டணம் கேட்பார்கள்.